கெல்ட்: அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் லீட்ஸில் வசிக்கிறேன். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள். போன ஜூன் கடைசியில் நானும் கணவரும் மகளும் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் கெல்ட் என்ற குக்கிராமத்துக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தோம். ஸ்வேல் ஆற்றுக்கு மேலே ஒரு சரிவில் கொஞ்சம் கல் வீடுகள், அவ்வளவுதான் ஊர். போனில் சிக்னல் இல்லை. சாயங்காலத்துக்கு மேல் ஆற்றுச் சத்தத்தையும் ஆடுகளையும் தவிர வேறு சத்தமே கேட்கவில்லை. மனிதக் கை படாத இடம் என்று தோன்றியது. இத்தனை நூற்றாண்டாக இயற்கையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன். கணவர் மட்டும், "பார்க்க அழகுதான், ஆனால் இங்கே என்ன இருக்கிறது, மூன்றாம் நாள் பைத்தியம் பிடித்துவிடும்" என்றார்.

சில சந்தேகங்கள். புல்வெளிக்குப் புல்வெளி தனியாக ஒரு கல் கட்டடம் நிற்கிறதே, அதில் பாதிக்குக் கூரையே இல்லையே, ஏன்? அந்தக் கல்சுவர்கள் ஆளே போகாத மலைமேல் வரை எதற்காக ஏறுகின்றன? அங்கே இருப்பவர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கடைசியாக ஒன்று. பூக்கள் நிறைந்த ஒரு புல்வெளியில் மூவரும் பக்கம் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். குவாட் பைக்கில் வந்த வயதானவர் ஒருவர் நிறுத்தி, "ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போங்கள்" என்று கடுமையாகச் சொன்னார். முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் அப்படிப் பேசினாரோ என்று அன்று முழுக்க மனது சரியாக இல்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

லீட்ஸிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன், உங்களை உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் நிறம் பார்க்கிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நம்மில் பலருக்கு அந்த அனுபவம் உண்டு. அந்தப் பெரியவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லவும் முடியாது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் சொல்லப்படுவது. வட இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு முன்னால் போன வெள்ளைக்காரக் குடும்பத்துக்கும் அதே தொனியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கெல்டுக்குப் பக்கத்தில் உள்ள ம்யூக்கர் ஊரை ஒட்டிய புல்வெளிகளின் நுழைவில் அதையே பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். காரணம், நீங்கள் நடந்தது அவருடைய மாட்டுக்கும் ஆட்டுக்கும் குளிர்காலத்துக்கான சாப்பாட்டின் மேல்.

அதை விளக்கினால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் வழி கிடைத்துவிடும். மே மாத நடுவில் ஆடுகளை மேலே மலைக்கு ஓட்டிவிட்டு, கீழ்ப் புல்வெளிகளின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு ஜூலை நடு வரை, மழை ஏமாற்றினால் ஆகஸ்ட் வரை, அந்த நிலத்தில் ஒரு கால்நடை இறங்காது. புல் நன்றாக வளர்ந்து, பூத்து, விதை பிடித்த பிறகு அறுத்து, புரட்டிப் புரட்டி வெயிலில் காயவைத்து உள்ளே ஏற்றுவார்கள். அந்த ஊரில் தொடர்ந்தாற்போல் சில நாள் வெயில் அடிப்பதே பெரிய விஷயம். மிதிபட்டுச் சாய்ந்த புல்லை அறுக்கும் கத்தி பிடிக்காது, மழை பட்டால் அது அப்படியே அழுகிப் போகும். மூன்று பேர் பக்கம் பக்கமாக நடந்தால் பாதை மூன்று பங்கு அகலம் ஆகிறது, கோடை முழுக்க அந்த வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். புல்வெளிச் சுவரில் நடப்பவர்களுக்கான இடுக்கு வழியை ஏன் ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

அந்தப் பூக்களைப் பற்றி. ஊதா நிறத்தில் பார்த்திருப்பீர்கள், அது காட்டு ஜெரேனியம். கருஞ்சிவப்பு மொட்டுகளாகக் காம்பின் உச்சியில் ஆடுவது கிரேட் பர்னெட். மஞ்சளாக, இரண்டு உதடு போலத் திறந்திருக்கும் சின்னப் பூ ஒன்று உண்டு, யெல்லோ ராட்டில் என்பார்கள். பார்வைக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் புல்வெளியே அதன் தயவில்தான் நிற்கிறது. அது பாதி ஒட்டுண்ணி. மண்ணுக்குக் கீழே தன் வேரைப் பக்கத்துப் புல்லின் வேரில் கோர்த்து, அதன் சத்தை உறிஞ்சும். புல் இளைக்கும், அந்த இடைவெளியில் மற்றப் பூச்செடிகள் தலை தூக்கும். கோடை முற்றியதும் அதன் காய் காய்ந்து, உள்ளே விதை தளர்ந்து, நடக்கும்போது காலில் பட்டுக் கலகலவென்று ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் புல் அறுக்க நாள் வந்துவிட்டது என்று பழைய விவசாயிகள் வைத்துக்கொண்டார்கள். அறுத்த புல்லைப் புரட்டிக் காயவைக்கும்போது விதைகள் அங்கேயே உதிர்ந்து அடுத்த வருஷத்துக்கு முளைக்கும். இதே நிலத்தில் ஒருமுறை ரசாயன உரத்தைத் தாராளமாகப் போட்டால் போதும், புல் கொழுத்து எழுந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 1930களுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த மாதிரிப் பூப் புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டன, ஸ்வேல் ஆற்றின் மேற்பகுதியில் இருப்பது மிச்சத்தில் ஒரு பங்கு. அதனால்தான் கை படாத இடம் என்று நீங்கள் எழுதியதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அறுப்பை நிறுத்தினால் சில வருஷங்களில் முரட்டுப் புல்லும் புதரும் ஏறி அந்தப் பூக்கள் காணாமல் போகும். வருஷா வருஷம் ஒரே மாதத்தில், ஒரே விதமாக, நூற்றாண்டுக் கணக்கில் மனிதக் கை பட்டதால் வந்தவை அவை.

இனி அந்தக் கல் கட்டடங்கள். யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா முழுக்க இப்படிச் சுமார் 6,000 இருக்கின்றன, ஸ்வேல் பள்ளத்தாக்கில்தான் அவை மிக நெருக்கம். ஒரு மேட்டில் நின்று கெல்டிலிருந்து ம்யூக்கர் பக்கம் பார்த்தால் புல்வெளிக்கு ஒன்றாக வரிசையாக நிற்கும். யோசனை எளிமையானது. செங்குத்தான சரிவில், சேற்றில், காய்ந்த புல்லைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவதைவிட, புல் விளைந்த இடத்திலேயே அதை வைத்து, மாட்டையும் அங்கேயே கட்டிவிடலாம். கீழே தொழுவம், மேலே பரண். நவம்பரில் நாலைந்து மாடுகளைக் கொண்டுவந்து கட்டினால் மே மாதம் வரை அவை அங்கேதான். வீட்டு ஆள் காலையிலும் மாலையிலும் பனியில் நடந்து வந்து, பரணிலிருந்து புல்லைத் தள்ளி, மாட்டைத் தண்ணீருக்கு அவிழ்த்துவிட்டு, பால் கறந்து, சாணியை வாரிப் பின்பக்கம் குவித்துவிட்டுப் போவார். அந்த எருவை வசந்தத்தில் அதே புல்வெளியில் இறைப்பார்கள். அந்த நிலத்தில் விளைந்தது அந்த நிலத்துக்கே திரும்பிப் போய்விடும்.

அடுத்த தடவை போகும்போது, பாதையை ஒட்டித் திறந்து கிடக்கும் ஒன்றில் எட்டிப் பாருங்கள் (கூரை சாய்ந்திருந்தால் உள்ளே போக வேண்டாம், அந்தக் கல் ஓடு ஒன்றே ஆளைச் சாய்க்கும் கனம்). கண் இருட்டுக்குப் பழகியதும் இரண்டிரண்டு மாடாகப் பிரிக்கும் தடுப்புகள் தெரியும், சில இடத்தில் மரம், சில இடத்தில் நிறுத்திவைத்த ஒற்றைப் பலகைக்கல். அந்த மரத்தில் மாட்டின் கழுத்து உரசும் உயரத்தில் மட்டும் ஒரு பட்டை வழுவழுவென்று பளபளக்கும். மேலே பின்சுவரில் ஒரு சதுர ஓட்டை, வண்டியில் வந்த புல்லைக் கவைக்கோலால் உள்ளே எறிவதற்கு. சுவர்களில் கை நுழையும் அளவுக்குக் காற்றுத் துளைகள், புல் புழுங்கித் தீப்பிடிக்காமல் இருக்க. இத்தனை யோசனையும் படித்த கட்டடக்காரர் யாரும் வரைந்து கொடுத்ததில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பால் சுகாதார விதிகள் கடுமையாயின, பெரிய நவீனக் கொட்டகைகள் வந்தன, சிதறிக் கிடக்கும் தொழுவங்களுக்கு நடந்து போய் வேலை பார்க்க வீட்டில் ஆளும் இல்லாமல் போனது. பயன் போனபின் கூரைக்கு யார் செலவு செய்வார்கள்? ஒரு கல் ஓடு நழுவினால் மழை உத்தரத்தில் இறங்கும், உத்தரம் மக்கினால் முழுக் கூரையும் உள்ளே விழும். நீங்கள் பார்த்த பாதிக் கட்டடங்களின் கதை இதுதான். பழுது பார்க்க அரசு உதவித்தொகை உண்டு, சிலதை வீடாக மாற்ற அனுமதியும் இப்போது கொடுக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய எதிர்ப்பில்லை, ஆனால் நடுப் புல்வெளியில் நிற்கும் தொழுவத்துக்கு மின்கம்பியும் கார் பாதையும் போட்டு விடுமுறை வீடாக்கினால் அந்த இடத்தின் முகமே மாறிவிடும் என்று கவலைப்படுகிறவர்களோடு நான் நிற்கிறேன்.

சுவர்கள் இரண்டு வகை. ஊரை ஒட்டிக் கோணல்மாணலாக, சின்னச் சின்னக் கட்டங்களாக இருப்பவை பழையவை, தனித்தனிக் குடும்பங்கள் நிலத்திலிருந்து கல் பொறுக்கி அப்படியே கட்டியவை. நீங்கள் கேட்ட, மலைமேல் நேர்கோட்டில் ஏறுபவை பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19இன் தொடக்கத்திலும் வந்தவை. ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தை நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பங்கு பிரித்து அடைத்தார்கள், பங்கு வாங்கியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் சுவர் எழுப்பியாக வேண்டும். சுவர் எழுப்பக் காசில்லாத சிறு ஆட்கள் பங்கை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார்கள். இங்கிலாந்தின் பல பகுதிகளில் நடந்தது இது. அந்த நேர்கோடுகளைப் பார்த்து அழகு என்று சொல்லும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்வேல்டேல் எனப்படும் இந்த ஸ்வேல் பள்ளத்தாக்கில் மேலே உள்ள திறந்த மலை மட்டும் இன்றும் பெருமளவு பொது மேய்ச்சலாகத் தப்பித்து நிற்கிறது.

இந்தச் சுவர்களில் சாந்து, சிமென்ட், களிமண் எதுவும் கிடையாது. அடியில் அகலமாக இரண்டு தனித்தனிச் சுவர்களை எதிரெதிரே எழுப்பி, இரண்டும் மேலே போகப் போக உள்பக்கம் சாயும்படி அடுக்கி, நடுவில் சிறு கற்களைத் திணிப்பார்கள். கொட்டக் கூடாது, ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். குறிப்பிட்ட உயரத்தில் இரண்டு முகங்களையும் கோர்க்கும் நீளக் கல் வரும், அது வெளியே துருத்திக்கொண்டிருக்கும். உச்சியில் பாரக் கல். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் கல் போகும், கை தேர்ந்தவர் ஒரு நாளில் 7 கெஜம் எழுப்பினால் அது நல்ல வேலை. ஒருமுறை கிஸ்டன் மலையடியில் சரிந்த இடைவெளியைக் கட்டிக்கொண்டிருந்தவரை நின்று பார்த்திருக்கிறேன். கல்லைக் கையில் எடுத்தால் திரும்பக் கீழே போட மாட்டார், ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார், அதற்கான இடத்தில் வைத்துவிடுவார், அடுத்த கல். சுவர் காற்றை முழுக்கத் தடுக்காமல் இடுக்குகள் வழியே உடைத்து விடுவதால், பனிப்புயலில் ஆடுகள் அதன் மறைவில்தான் ஒண்டும். அடியில் ஆடு மட்டும் நுழையும் சதுர வழிகள் விட்டிருப்பதைப் பார்த்தீர்களா? வேண்டாதபோது ஒரு பலகைக்கல்லைச் சாய்த்து அதை அடைத்துவிடுவார்கள்.

மேலே வேலியே இல்லாத மலையில் யார் ஆடு எங்கே மேய்கிறது என்று எப்படித் தெரியும் என்று உங்கள் மகள் கேட்டால், ஆட்டுக்கே தெரியும் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் ஒரு பங்கு உண்டு, தாய் ஆடு மேயும் எல்லையைக் குட்டி அதன் பின்னாலேயே நடந்து கற்றுக்கொள்கிறது. அது தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கும். அதனால் பண்ணை கைமாறும்போது பல இடங்களில் மந்தையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும். 2001இல் கோமாரி நோய் வந்து நாடெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்களே, அப்போது வடக்கு மலைப்பண்ணைக்காரர்கள், முக்கியமாகக் கம்ப்ரியாவில், ஆடு போனதைவிட இந்தப் பழக்கம் அறுந்துபோனதைத்தான் பெரிய இழப்பாகச் சொன்னார்கள். ஆட்டைச் சந்தையில் வாங்கிவிடலாம். எல்லை தெரிந்த ஆட்டை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. நீங்கள் பார்த்த கறுப்பு முகம், வெளிறிய மூக்கு, கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு உள்ள இனத்துக்குப் பெயரே ஸ்வேல்டேல். முதுகில் பூசியிருக்கும் சிவப்பு, நீலச் சாயமும் காதில் வெட்டிய குறியும் உரிமையாளர் அடையாளம்.

அடுத்ததாக அமைதி. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இத்தனை சின்ன ஊரில் இரண்டு தேவாலயங்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? ஒன்று காங்கிரிகேஷனல் சபை கட்டியது, ஒன்று மெதடிஸ்ட் சபை கட்டியது, இரண்டும் புராட்டஸ்டண்ட் பிரிவுகள். பக்கத்திலேயே ஊர்க்காரர்கள் படிப்பதற்கென்று கட்டிக்கொண்ட ஒரு வாசகசாலைக் கட்டடமும் இருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகளுக்கு இவ்வளவும் எதற்கு? ஏனென்றால் அப்போது அங்கே ஆள் இருந்தார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்வேல் பள்ளத்தாக்கு ஈயச் சுரங்க நாடு. கெல்டிலிருந்து ஆற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஸ்வின்னர் கில் என்ற ஓடை வரும், அதன் இரு பக்கமும் சுரங்க வாய்களும் ஈயம் உருக்கும் உலையின் இடிபாடும்தான். மலைச்சரிவில் பெரிய காயம் போல ஒரு பள்ளம் மேலிருந்து கீழ் வரை ஓடுவதைப் பார்த்திருந்தால், அது இயற்கையாக வந்ததாக இருக்காது. மேலே மண்ணணை கட்டி, ஓடைத் தண்ணீரைத் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிடுவார்கள். அந்த வேகத்தில் மேல்மண் அடித்துக்கொண்டு போய் ஈயத் தாதின் நரம்பு வெளியே தெரியும். திரும்பத் திரும்ப அதையே செய்து மலையையே அரித்து எடுத்தார்கள்.

அந்த ஊர் அன்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாது நொறுக்கும் சத்தம், உலைப் புகை, தாதும் கரியும் சுமக்கும் மட்டக்குதிரைகளின் மணி. நிலக்கரி வடக்கே டான் ஹில் குழிகளிலிருந்து வந்தது. அங்கே தனியாக நிற்கும் விடுதி கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பிரிட்டனின் மிக உயரமான மதுக்கடை என்று இன்று சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள், அன்று அது கரி வெட்டியவர்கள் ஒதுங்கிய இடம். சுரங்க ஆட்கள் முழுநேரச் சுரங்க ஆட்கள் இல்லை, கையளவு நிலமும் ஒன்றிரண்டு மாடும் வைத்திருந்தார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோரும் நடந்துகொண்டே, பேசிக்கொண்டே கம்பளிக் காலுறை பின்னி விற்றார்கள். தூசி நுரையீரலில் ஏறி நடுவயதிலேயே செத்தவர்கள் ஏராளம். பிறகு ஸ்பெயினிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் மலிவான ஈயம் வந்து குவிய, 1880களில் தொழில் படுத்தது. குடும்பம் குடும்பமாக டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்கும் கிளம்பினார்கள், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. ஆற்றுக்கு மேலே தனியாக நிற்கும் இடிந்த வீடு ஒன்றை நீங்கள் தாண்டிப் போயிருப்பீர்கள், க்ராக்பாட் ஹால் என்று பெயர், எல்லோரும் அதன் வாசலிலிருந்து பள்ளத்தாக்கைப் படம் எடுப்பார்கள். அடியில் குடைந்த சுரங்கத்தால் நிலம் இறங்கி, 1950களில் அங்கே கடைசியாக இருந்த குடும்பமும் வெளியேறியது.

நீங்கள் அனுபவித்த அமைதி அந்தத் தொழில் செத்ததனால் வந்தது. ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஜனங்களின் இடம் அது. அதை அனுபவிப்பதில் தவறொன்றும் இல்லை, நானும் அதற்காகத்தான் அங்கே போவேன். ஆனால் நகரத்திலிருந்து போகிற நாம் அதை அந்த ஊரின் பிறவிக் குணமாக எடுத்துக்கொண்டு, இது என்றைக்கும் இப்படித்தான் இருந்தது, இனியும் அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படும்போது, அங்கே குடியிருக்கிறவர்களின் வாழ்க்கைக்கு நம் ரசனையை வேலியாகப் போடுகிறோம். எனக்கு இதில் கோபமே உண்டு.

உங்கள் பிழைப்புக் கேள்வி இங்கேதான் வருகிறது. கம்பளி விலை வெட்டுக்கூலிக்குக்கூடக் காணாது. ஆட்டுக்குட்டி விற்பது, அரசு கொடுக்கும் மானியம், நடைப்பயணிகளுக்கு அறையும் தேநீரும் கொடுப்பது, இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுத்தான் வண்டி ஓடுகிறது. இங்கிலாந்தின் இரண்டு பெரிய நடைபாதைகள் கெல்டில் வெட்டிக்கொள்கின்றன. 1965இல் திறந்த 431 கிலோமீட்டர் பென்னைன் வே ஒன்று, மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை குறுக்கே போகும் கோஸ்ட் டு கோஸ்ட் மற்றொன்று, அதற்குக் கெல்ட் ஏறக்குறைய பாதிவழி. முதுகில் பையோடு நனைந்து வரும் இந்த ஆட்கள் இல்லையென்றால் அங்கே பல அடுப்பு எரியாது. மானியம் பழைய ஐரோப்பிய முறையிலிருந்து மாறி, 2021க்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து, புல்வெளி, பறவை, மண் என்று செய்யும் காரியத்துக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. யோசனை சரிதான், ஆனால் மனுவும் படிவமும் நிரப்பி, திட்டம் நடுவில் மாறுமா என்று தெரியாமல், அறுபது வயதுக்காரர் ஒருவர் எத்தனை வருஷம் தாக்குப்பிடிப்பார்? பிள்ளைகளுக்கு அங்கே வீடு வாங்க முடிவதில்லை, விடுமுறை வீடு வாங்குகிறவர்களின் பணம் முன்னால் நிற்கிறது. உயர்நிலைப் பள்ளி ரிச்மண்டில், போக 35 கிலோமீட்டருக்கு மேல். உங்களிடம் சிரிக்காமல் பேசிய அந்தப் பெரியவருக்குப் பின் அந்தப் புல்லை அறுக்க யாராவது இருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஊர்க் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். 1580இல் ம்யூக்கரில் தேவாலயமும் இடுகாடும் வரும்வரை இந்த மேல்பள்ளத்தாக்குக்கே சொந்த இடுகாடு கிடையாது. கெல்டில் யாராவது இறந்தால் பிரம்புப் பெட்டியில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி, 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி க்ரிண்டன் ஊர்த் தேவாலயம் வரை நடந்தே தூக்கிப் போனார்கள். வழியில் ஐவ்லெட் பாலத்தடியில் ஒரு தட்டைக் கல் கிடக்கிறது, பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய கல் என்று சொல்வார்கள். அந்த வழி இன்றும் பாதையாக இருக்கிறது, மகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு பகுதியையாவது நடந்து பாருங்கள்.

கணவரிடம் சொல்லுங்கள், "இங்கே என்ன இருக்கிறது" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை நான் வேறு ஒரு வழியில் பார்க்கிறேன். கெல்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் த்வெய்ட் என்ற ஊரில் கியர்டன் என்று இரண்டு சகோதரர்கள் பிறந்தார்கள், 1862இல் ரிச்சர்ட், 1871இல் செரி. சுவர் இடுக்கிலும் புல்லிலும் பறவைக் கூடு தேடி அலைந்த கிராமத்துப் பையன்கள். மூத்தவர் சின்ன வயதில் விழுந்து கால் ஊனமானவர். 1892இல் முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டைத் தம்பி படம் எடுத்தார், அதிலிருந்து ஆரம்பித்து, காட்டுப் பறவைகளை அவற்றின் இடத்திலேயே படமெடுப்பது என்ற கலைக்கே அடிபோட்டார்கள். பறவை மிரளாமல் இருக்க ஒரு எருதின் தோலைப் பாடம் செய்து, அதற்குள் ஆளும் கேமராவுமாக ஒளிந்து நின்றிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்று நமக்குத் தோன்றும் புல்வெளியில்தான் அவர்கள் இதெல்லாம் கற்றார்கள்.

அடுத்த முறை செப்டம்பர் முதல் புதன்கிழமையாகப் பார்த்துப் போங்கள், அன்று ம்யூக்கரில் ஆட்டுக் கண்காட்சி. பள்ளத்தாக்கு முழுக்க வந்திருக்கும், பித்தளை வாத்தியக் குழு இருக்கும், கிடாக்களைக் குளிப்பாட்டி வரிசையாக நிறுத்தி, நீதிபதி ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பல் பார்ப்பார். உங்கள் கணவர் ஏதாவது ஒரு கிடாக்காரரிடம் காது நிலை பற்றியோ முகத்தின் கறுப்பு பற்றியோ ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பிறகு அவரை அங்கிருந்து கிளப்புவதுதான் உங்கள் வேலை. ரிச்மண்டிலிருந்து சின்னப் பேருந்து ஒன்று பள்ளத்தாக்கு வழியாகக் கெல்ட் வரை போகிறது, அதற்கு டிக்கெட் வாங்கிப் போவதே அந்த ஊருக்குச் செய்யும் உதவி. சாப்பாட்டை லீட்ஸிலிருந்து கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள். போய் வந்து எழுதுங்கள்.

அன்புடன்.